ஒரு மேசையில் இரு புகையிரதங்கள்

ஜிந்துப்பிட்டி இல்லங்களின் முன்னறைகள் அகன்றவை அல்ல. அத்தகைய ஓரறையில், ஆறடிப் பலகைமீது விளையாட்டுப் புகையிரதப் பாதை அமைத்த எம் மாணவர் இருவர், இரண்டு எஞ்சின்களை ஒரே வேளையில் ஓட்ட விரும்பினர். இரு வலுவழங்கிகளையும் ஒரே தண்டவாளத்தில் இணைத்து, வண்டி ஓடாமையால் எம்மை அழைத்தனர். தமிழாசிரியருக்கு மின்வேலை எற்றுக்கென வினவற்க. விடுமுறைகளில் யாமும் இதிற் காலம் போக்குவதுண்டு.

இவ்வகைப் பாதையின் தண்டவாளங்கள் 16.5 மில்லிமீற்றர் இடைவெளி உடையன. அவையே எஞ்சினுக்கு மின்கம்பிகளுமாம். அவற்றிற் பாயும் நேரோட்டம் 12 வோல்ற்று வரை ஏறும்; அழுத்தம் கூடின் வேகம் கூடும், முனைவு மாறின் திசை மாறும். ஆகவே ஒரு பாதைக்கு ஒரு வேளையில் ஒரு வழங்கியே தலைவனாதல் வேண்டும். அரசர் இருவராயின் குடி படும் பாட்டையே எஞ்சினும் படும்.

இதற்கு வழி, பாதையைத் துண்டுகளாக்குதல். ஒரு தண்டவாளத்தைத் தொடர்ச்சியாக விட்டு, மற்றையதை ஆங்காங்கு வெட்டி, மின் கடத்தாத பிளாஸ்ரிக் இணைப்பாற் பொருத்துக. துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலையுள்ள ஆளி ஒன்று வேண்டும்: ஒருபுறம் முதல் வழங்கி, மறுபுறம் இரண்டாவது, நடுவில் மின்னில்லை. வண்டி அடுத்த துண்டை அடையுமுன் அதன் ஆளியையும் அதே வழங்கிக்குத் திருப்பின், வலு வண்டியுடன் செல்லும். மறந்தாலோ, வெட்டைக் கடக்கும் சக்கரங்கள் இரு வழங்கிகளையும் கணநேரம் பிணைத்துவிடும். முனைவு ஒத்திருப்பின் எஞ்சின் சற்றே துள்ளும். எதிராயின் 24 வோல்ற்று நேருக்குநேர் மோதும். இக்காலத்து இலக்கமுறை வண்டிகள் தத்தமக்குரிய கட்டளையை மட்டும் ஏற்பதால் அங்கு ஆளிகள் குறையும்; பெரும் பாதையாயின் வெட்டுகள் அங்கும் உண்டு.

பெரிய புகையிரதங்களுக்கும் இச்சிக்கல் உண்டு. 1931இல் 1500 வோல்ற்று நேரோட்டத்தில் மின்வண்டி ஓடத் தொடங்கிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதை இன்று 25,000 வோல்ற்று ஆடலோட்டத்தில் இயங்குகின்றது. இம்முறையில் அடுத்தடுத்த மின்நிலையங்கள் வெவ்வேறு கட்டங்களிலிருந்து வலுப்பெறுவன. அவற்றின் எல்லையில் மின்னற்ற சிறு துண்டொன்றை இடுவர். சாரதி மின்னைத் துண்டித்து, வண்டியை உருளவிட்டு, அப்பாற் சென்று மீள இணைப்பார்.

மேசைக்கு மீள்வோம். ஒரு தண்டவாளம் பொதுவாதலின், ஒவ்வொரு வழங்கிக்கும் நிலைமாற்றியில் தனித்த துணைச்சுருள் இருத்தல் வேண்டும். ஒரே சுருளிலிருந்து இரு சீராக்கிகளுக்கும் மின் எடுப்பின் அவற்றினூடே குறுஞ்சுற்று உண்டாகும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது வேறொன்று. கிளைப்பாதைகளைத் திருப்பும் மின்காந்தங்கள் 16 வோல்ற்று ஆடலோட்டத்தில் இயங்குவன. வலு போதாதென்று மாணவர் இரு நிலைமாற்றிகளின் 16 வோல்ற்று முனைகளைப் பிணைத்திருந்தனர். ஒன்றன் செருகி கழற்றப்பட்டு நிலத்திற் கிடந்தது. நிலைமாற்றி இருவழியும் வேலை செய்யும் என்பதை அவர் அறியார். 230ஐ 16 ஆக்குவது, 16ஐப் பெறின் 230ஐ நோக்கி உயர்த்தும். அச்செருகியின் ஊசிகளுக்கிடையே வோல்ற்றுமானியை வைத்தோம். முள் 200ஐத் தாண்டி நின்றது. இளையவன் அதனைச் சற்றுமுன் காலால் ஒதுக்கியிருந்தான்.

பிணைப்பை அப்பொழுதே வெட்டினோம். எல்லாச் செருகிகளையும் ஒரே பலகைக்குக் கொணர்ந்து, அனைத்தையும் ஒருங்கே நிறுத்தும் ஆளியொன்றை வைத்தோம். இரவு ஏழு மணிக்கு இரு வண்டிகளும் எதிரெதிராக ஓடின.