நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நம் பிள்ளைகளும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் என்னிடம் அங்கத்தினர்கள் கடனைப் பற்றிக் கேட்பதைக் காட்டிலும் கல்லூரியைப் பற்றிக் கேட்பதே மிகுதி. சென்ற கோடையில் செல்லூர்ப் பக்கத்து நெசவாளர் சங்கமொன்றில், அரசுப் பள்ளியில் பயின்ற மகனுடன் வந்த ஓர் அங்கத்தினர், "கிருஷ்ணன்கோயில் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் சேர ஆசைப்படுகிறான். ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறதாம். முன்பணம் கட்டிவிடலாமா, ஐயா?" என்று வினவினார். அவருக்குச் சொன்னது பிறருக்கும் பயன்படும்.

கிருஷ்ணன்கோயிலில் 1984-இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் நிறுவனம், 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. வேலூர் வி.ஐ.டி.யும் தஞ்சை சாஸ்த்ராவும் 2001-இல் இத்தகுதியை எய்தின. இது பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956-இன் 3-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அளிப்பது. இவை பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, தேர்வு நடத்தி, பட்டமும் வழங்கும். ஆகவே பட்டம் செல்லுமோ என்னும் ஐயம் வேண்டுவதில்லை. ஆராய வேண்டியவை வேறு.

முதலாவது, சேரும் வழி. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழக அரசு 2021-இல் ஒதுக்கிற்று. அவ்வொதுக்கீட்டில் கலந்தாய்வு வழியே இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு வழிச் சேர்வோருக்கே உரியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ தனியே சேர்க்கை நடத்துபவை. கலந்தாய்வைக் கைவிட்டு அங்கே நேரே சேரும் அரசுப் பள்ளி மாணவன், இலவசமாகக் கிட்டக்கூடிய படிப்பை விலை கொடுத்து வாங்குகிறான்.

இரண்டாவது, தரவரிசை. மத்திய அரசின் தேசியத் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. பல்கலைக்கழகங்களுக்குரிய 100 மதிப்பெண்களில் கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, தேறியோர் நிலைக்கு 20, எல்லாத் தரப்பினருக்கும் இடமளிப்பதற்கு 10, நற்பெயருக்கு 10. ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெருகினால் வரிசை உயரும். அதனாலேயே முதலாண்டு வகுப்பில் பாடம் சிறந்துவிடாது. பேலின்மேல் ஒட்டிய சீட்டை மட்டும் கண்டு நாம் நூல் வாங்குவதில்லை; சிட்டத்தை அவிழ்த்து, நம்பர் சரிதானா, இழை அறுகிறதா என்று பார்த்தே வாங்குகிறோம்.

அவ்வாறே கேட்க வேண்டியவை சில. ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்கள் இளநிலை மாணவருக்கும் பாடம் எடுக்கிறார்களா? ஆய்வுக்கூடம் அவர்களுக்கும் திறந்திருக்கிறதா? விரும்பும் பாடப்பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உண்டா? வேலை பெற்றோரில் மிக உயர்ந்த ஊதியத்தையே விளம்பரம் கூறும். எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவனின் ஊதியம் எவ்வளவு என்பதே கேள்வி. தரவரிசைக்காக நிறுவனங்கள் அளித்த விவரத்தில் இத்தொகை உள்ளது. கட்டணத்தையும் முதலாண்டுக்கு மட்டுமன்றி, விடுதி, உணவு, தேர்வு உட்பட நான்கு ஆண்டுகளுக்கும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முன்பணம். 2018-இல் மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்கள் முன்னதாக விலகினால் செயல்முறைச் செலவு நீங்கலாக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அந்நாளுக்குப்பின் 30 நாட்கள் கடந்தால் ஒன்றும் கிடையாது. மூலச் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கவும் கூடாது. எனவே ரசீதையும் தேதியையும் பத்திரப்படுத்துக.

நல்ல உதவித்தொகை எழுத்து மூலம் உறுதியானால், தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்வதும் தக்கதே. ஆனால் தறியை அடகு வைத்தோ, நிலத்தை ஈடு கொடுத்தோ சேர்வதற்குமுன் கலந்தாய்வு முடியும்வரை பொறுக்க வேண்டும்.

"ஆராய்ச்சி ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா, சார்?" என்று அவ்விளைஞன் கேட்டான். "விட வேண்டாம், தம்பி. பட்டம் முடித்துக் கேட் தேர்வு எழுது. அதில் தேறி முதுநிலையில் சேர்வோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அப்போது ஆராய்ச்சிக்கு நீ பணம் கட்ட வேண்டாம், உனக்குப் பணம் வரும்" என்றேன். தந்தையார் மடியிலிருந்த முன்பணத்தை அன்றே சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் செலுத்திவிட்டு, மகனைக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க அழைத்துச் சென்றார்.