புகையேற்றிய பழமை: கண்டிக் கைவினை பற்றிய ஒரு குறிப்பு

கொம்பு, எலும்பு, மரைக்கொம்பு ஆகியவற்றிற் செய்த புதிய பொருளைப் புகையிலிட்டுப் பழையதுபோற் காட்டும் முறை, இவ்வேலை நடைபெறும் நாடுகள் பலவற்றில் அறியப்பட்டதொன்றாகும். இதனை வெறும் ஏமாற்று வித்தையென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒரு பொருளுக்கு வயது ஏற்றப்படும்போது, அதனைச் செய்தவனின் உழைப்புக்கு யாது நேர்கின்றது என்பதே கேட்கவேண்டிய வினா. இவ்வினாவுக்குக் கண்டி தகுந்த களமாகும்.

கண்டி அரசின் காலத்திலே தந்தச் சீப்புகள், கொம்புப்பிடிக் கத்திகள், சுவடிக் கயிற்றின் நுனியிற் கட்டும் குமிழ்கள் முதலியன செய்தோர், அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் சேவை புரிந்து அதற்கீடாக நிலத்தை அனுபவித்தனர். அது சாதியடிப்படையில் அமைந்த கட்டாய சேவை, பொற்காலமென்று பாடுதற்கில்லை. எனினும் பொருளுக்குப் போலி வயது தேவைப்படவில்லை. புகை வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது. ஓலைச்சுவடிகளை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்துப் பூச்சியரியாது காத்தல் சிங்களவர், தமிழர் இரு சாராரிடையும் இருந்த வழக்கம். அங்கு சுவடியோடு குமிழும் கறுத்திருக்கும்; அக்கருமைக்கு யாரும் விலை வைத்திரார்.

தொழில்நுட்பத்தை நோக்குவோம். மாட்டுக்கொம்பு நகத்தைப் போன்று கெரட்டினாலானது. மரைக்கொம்போ விழுந்து மீண்டும் முளைக்கும் எலும்பு. ஆகவே இவை புகையை ஒரேவிதமாக ஏற்பதில்லை. எருமைக்கொம்பின் கருமையிற் புகை தோன்றாது. வெளிறிய கொம்பு மேற்பரப்பில் மட்டும் பழுப்பேறும். எலும்பிலே குருதியோடிய நுண்குழாய்கள் இருத்தலால் புகையின் தாரும் கரியும் உட்புகுந்து தங்கும். முன்னதாக எலும்பை அவித்துக் கொழுப்பகற்றாவிடின் நிறம் திட்டுத்திட்டாகப் படியும். கனலின்றிப் புகைதரும் ஈர மரத்தூளே ஏற்றது. வெப்பம் மிகின் கொம்பு இளகி வளையும், எலும்பு வெடிக்கும். பின்னர் மேடான பகுதிகளைத் துணியால் தேய்க்க, செதுக்கிய பள்ளங்களிற் கருமை எஞ்சும். பல தலைமுறைக் கைகளின் வேலை சில நாட்களில் முடிந்துவிடும். ஆயினும் முழுமையாக அன்று. உண்மையிற் பழகிய சீப்பு, கைபிடிக்கும் இடத்திலும் பல்நுனியிலும் தேய்ந்திருக்கும். புகைக்கு அவ்விடங்கள் தெரியா. எலும்பைத் தந்தமென விற்க முனைவோனையும் புகையே காட்டிக்கொடுக்கும்: நுண்குழாய்கள் கரும்புள்ளிகளாகத் தெரிய, யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டிலோ ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகளே காணப்படும்.

வயது எவ்வாறு விலையாயிற்று? 1815இல் இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1832-33ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் இராஜகாரிய முறையை ஒழித்தபோது, விகாரை நிலங்களைச் சாராத கைவினைஞன் சந்தைக்குத் தள்ளப்பட்டான். 1867இற் கண்டிக்குப் புகையிரதம் வந்தது; அதிற் புதிய கொள்வனவாளரும் வந்தனர். 1908இல் ஆனந்த குமாரசுவாமி வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ இக்கைவினைஞரின் சிறப்பை உலகறியச் செய்தது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அந்நூல் அச்சாயிற்று என்பது மனங்கொளத்தக்கது. யந்திர உற்பத்தி மீதான மொறிஸின் வெறுப்பு அதன் ஊற்றுக்களுள் ஒன்று. ஆயினும் மொறிஸ் பொதுவுடைமையை நோக்கி முன்னே பார்த்தார். குமாரசுவாமி பின்னே பார்த்தார். 1815ஓடு ஒரு யுகம் முடிந்ததெனக் கொள்ளும் நோக்கிலே, அதன்பின் செதுக்கப்பட்டது தாழ்ந்ததென்ற எண்ணத்துக்கும் இடமுண்டாகிறது.

சட்டமும் அதே கோட்டைக் கீறியது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்ட பொருள்களையே தொல்பொருள்களென வரையறுத்தது. புகை, பொருளை இக்கோட்டுக்கு அப்பால் நகர்த்தும் கருவியாகும். பண்டம் தன்னுள் உறைந்த உழைப்பை மறைக்கின்றது என்றார் மார்க்ஸ். இங்கு மறைப்பே தனியொரு வேலையாகிவிட்டது. அதையும் பெரும்பாலும் அதே தொழிலாளியே செய்யவேண்டியுள்ளது. செய்தவனின் பெயரைக் கூறினால் பொருளின் வயது போய்விடும். ஆதலின் அவனுக்குக் கிடைப்பது செதுக்குகூலி. வயதுக்குரிய விலை வணிகனுக்கு. (நம் எழுத்துலகிலும் புகையூட்டிய நடை உண்டு, அதனை வேறிடத்திற் பேசலாம்.)

இன்னுமொரு முரண். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். எனவே கடையில் அரசர் காலத்ததென வாங்கிய கத்தியை, விமான நிலையத்திற் புதியதென்றே பயணி கூறவேண்டியவனாகிறான்.