இறாலுக்குத் தடுப்பூசி கிடையாது... அதனால்தான் இந்த வேலைக்கு ஆள் தேவை!

ஹைதராபாத் விமான நிலையத்துக்கு பி.வி.என்.ஆர். எக்ஸ்பிரஸ்வே வழியாகப் போயிருந்தால், மீன் வடிவில் ஒரு கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் தலைமையகம். 2013-ல் நாடு முழுக்க மீன், இறால் நோய்களைக் கண்காணிக்கும் திட்டம் தொடங்கியபோது நிதி கொடுத்தது இந்த வாரியம்தான். பண்ணை பண்ணையாகப் போய் மாதிரி எடுத்துச் சோதித்தவர்கள் இறால், மீன் நோய்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். அப்படியும் ஒரு வேலையா என்கிறீர்களா? வாங்க, பார்ப்போம்.

எவ்வளவு பெரிய பிரச்சினை இது?

1990-களின் நடுவில் வெண்புள்ளி வைரஸ் கிழக்குக் கடற்கரையைத் தாக்கியது. தொற்று வந்தால் 3 முதல் 10 நாட்களில் குட்டையே காலியாகிவிடும். வரி இறால் வளர்ப்பு நொடித்துப்போக, 2009-ல் வெளிநாட்டு ரகமான வனாமி அனுமதிக்கப்பட்டது. பிறகு அதையும் ஈ.எச்.பி. என்ற நுண்ணுயிரி பிடித்துக்கொண்டது.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் (சிபா) ஆய்வுப்படி, வெண்புள்ளியால் ஆண்டுக்குச் சுமார் 1,670 கோடி ரூபாய் இழப்பு. ஈ.எச்.பி.யால் சுமார் 4,000 கோடி! இத்தனைக்கும் ஈ.எச்.பி. வந்த இறால் உடனே சாவதில்லை; வளராது, அவ்வளவுதான். தீவனச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத நோய்தான் அதிகப் பணத்தைத் தின்கிறது.

மருந்து கண்டுபிடிக்கலாமே?

அங்கேதான் சிக்கல். நம் உடல் ஒருமுறை பார்த்த கிருமியை நினைவில் வைத்து எதிர்ப்புரதம் தயாரிக்கும். தடுப்பூசி வேலை செய்வதே அதை நம்பித்தான். இறாலுக்கு எதிர்ப்புரதம் கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அதன் மிச்சம் இறாலில் இருந்தால் ஏற்றுமதி கன்டெய்னரே திரும்பி வந்துவிடும்.

ஆய்வகத்திலும் ஒரு தடை உண்டு. வைரஸை வளர்க்க உயிருள்ள செல்கள் வேண்டும். மீன் செல்களைத் தொடர்ந்து வளர்க்க முடிகிறது. இறால் செல்களை அப்படி நிலையாக வளர்ப்பது இன்னும் எட்டாக்கனிதான். அதனால் பெரும்பாலான பரிசோதனைகளுக்கு உயிருள்ள இறாலே தேவை. ஆக, இந்தத் துறையின் முக்கிய வேலை, நோயை முன்கூட்டியே கண்டுபிடித்துப் பரவாமல் தடுப்பது.

சின்ன ஊரிலிருந்து இதைச் செய்ய முடியுமா?

முடிந்திருக்கிறது. ஆற்காடு பக்கத்தில் உள்ள மேல்விஷாரத்தில் கடல் இல்லை. ஆனால் அங்குள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் விலங்கியல் துறையில் பேராசிரியர் ஏ.எஸ். சாகுல் ஹமீது ஒரு நீர்வாழ் உயிரின நோய் ஆய்வகத்தை உருவாக்கினார். நன்னீர் இறால் குஞ்சுகளை சில நாட்களில் கொல்லும் வெண்வால் நோயை, பிரான்ஸ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஆராய்ந்தார். உலக விலங்கு நல அமைப்பு இந்த ஆய்வகத்தையே அந்த நோய்க்கான மேற்கோள் ஆய்வகமாக அங்கீகரித்தது. அதாவது எந்த நாட்டில் சந்தேகம் வந்தாலும், மாதிரியை அனுப்பி உறுதிசெய்துகொள்ளும் இடம்.

சரி, நீங்கள் போக வேண்டுமென்றால்?

இரண்டு வழிகள். ஒன்று, நாகப்பட்டினத்தில் 2012-ல் தொடங்கிய தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் 4 ஆண்டு பி.எஃப்.எஸ்சி., பிறகு நீர்வாழ் உயிரின நலத்தில் எம்.எஃப்.எஸ்சி., பிஎச்.டி. இரண்டு, விலங்கியல், நுண்ணுயிரியல், பயோடெக்னாலஜியில் எம்.எஸ்சி. முடித்து பிஎச்.டி.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். பிஎச்.டி. முடியவே பல வருஷம் ஆகும். நடுவில் கிடைப்பது பெரும்பாலும் புராஜெக்ட் முடிந்தால் முடிந்துபோகும் ஒப்பந்த வேலை. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான்.

பலன் வேறு இடத்தில் இருக்கிறது. குட்டையில் விடுவதற்கு முன்பே குஞ்சுகளைப் பிசிஆர் சோதனை செய்து ‘பாசிட்டிவ்’ என்று சொன்னால், விவசாயிக்குப் போவது குஞ்சு வாங்கிய காசு. அதையே இரண்டு மாதம் கழித்துச் சொன்னால், தீவனம், கரன்ட், டீசல், வாங்கிய கடன் எல்லாமே போகும். அந்த இரண்டு மாதத்தை மிச்சப்படுத்துவதுதான் இவர்களுடைய வேலை.