14 தட்டில் வல்லத்திராக்கோட்டை

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையின் பெயரைத் தமிழ்99 முறையில் கணினியில் அடிக்க 14 தட்டு போதும். வ, ல, ல, த, த, இ, ர, ஆ, க, க, ஓ, ட, ட, ஐ. அவ்வளவுதான். பெயரில் நான்கு புள்ளி இருக்கிறது. ஒன்றைக்கூட நாம் அடிக்கவில்லை. ஒரே மெய் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முன்னதற்குப் புள்ளியைத் தானே வைத்துவிடும் ஏற்பாடு தமிழ்99-இல் உண்டு. ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. ஆகவே அறந்தாங்கிக்கு 8 தட்டு, ஆலங்குடிக்கு 7, புதுக்கோட்டைக்கு 10. திருமயத்துக்கு மட்டும் கடைசி ம்-முக்காகப் புள்ளி விசையைத் தொட வேண்டும்.

ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர்கள் வல்லத்திராக்கோட்டைக்கு ஏறக்குறைய 21 தட்டு தட்டுகிறார்கள். ஒரு சொல்லில் ஏழு தட்டு வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் நாள் முழுக்கப் பெயரும் ஊரும் முகவரியும் அடிக்கும் இ-சேவை மையப் பணியாளருக்கும், பத்திரிகை உதவி ஆசிரியருக்கும், வழக்கறிஞர் அலுவலகத் தட்டச்சருக்கும் இது விரல் மூட்டுகளில் தெரியும் கணக்கு.

கையடக்கமான மெக்கானிக்கல் கீபோர்டைப் பற்றி எழுதும்போது இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கீபோர்டுகளைக் கேம் விளையாடும் இளைஞர்களின் ஆடம்பரம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நாளெல்லாம் தமிழில் எழுதுபவருக்குத்தான் அது மிகப் பொருத்தமான கருவி என்பது என் முடிவு.

12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம்: 31 விசை. தமிழ்99-இல் இந்த 31-ம் எழுத்து விசைகள் உள்ள மூன்று வரிசைக்குள் அடங்கிவிடுகின்றன. எண் வரிசையும் வேண்டாம், மேலே உள்ள எஃப்1, எஃப்2 வரிசையும் வேண்டாம், வலப்பக்க எண் பலகையும் வேண்டாம். உயிர் எல்லாம் இடக்கையில். வ, ங நீங்கலாக மெய் எல்லாம் வலக்கையில். இடது சுட்டுவிரல் ஓய்வாக இருக்கும் எஃப் விசையில்தான் புள்ளியும் ஆய்தமும் இருக்கின்றன. பார்க்காமல் தடவிக் கண்டுபிடிக்க எல்லாக் கீபோர்டிலும் அந்த விசையின் மேல் ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள்; தமிழில் அடிப்பவருக்கு அது புள்ளி இருக்கும் இடத்தையே காட்டுகிறது.

இந்த எளிமைக்கு வந்து சேர நீண்ட காலம் ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்தையும் ஒரு தட்டச்சுப் பொறிக்குள் எப்படி அடக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, ஜெர்மனியில் பொறி செய்வித்தார். அவருடைய பொறிகளில் ‘பிஜூ’ என்ற கையில் எடுத்துச் செல்லும் சிறிய வகையும் உண்டு. தமிழுக்குச் சிறிய விசைப்பலகை என்ற ஆசை அவ்வளவு பழையது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் சில விசைகளை அடித்தால் காகிதம் நகராது. டெட் கீ என்று தட்டச்சு நிலையங்களில் சொல்வார்கள். க் அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளியை அடித்து, பிறகு க-வை அடிக்க வேண்டும். எழுதும் வரிசைக்கு நேர் எதிர். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை போன்றவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கியதில் பொறிக்குச் சற்று இளைப்பாறல் கிடைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு தமிழ்99-ஐ ஏற்றுக்கொண்டது. கணினிக்காகவே வகுத்த முறை என்பதால் உயிரையும் மெய்யையும் இலக்கணம் சேர்க்கும் வழியிலேயே அது சேர்க்கிறது.

முறை நன்றாக அமைந்துவிட்டது. விரலுக்கும் கணினிக்கும் நடுவே உள்ள பொருள் எப்படி இருக்கிறது?

அலுவலகங்களில் பரவலாகக் காணும் மலிவான கீபோர்டைத் திறந்தால் உள்ளே ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு குமிழ். விசையை அழுத்தினால் குமிழ் நசுங்கி, அடியில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாள்களின் மின்தடங்களை ஒட்டவைக்கும். எழுத்து பதிவாகக் குமிழை ஏறக்குறைய அடிவரை நசுக்க வேண்டும். நாளாக ஆக ரப்பர் தளரும், விசை திரும்பி வரச் சோம்பும்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச். இன்று உலகெங்கும் பார்த்துச் செய்யப்படும் வடிவம் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த எம்எக்ஸ். கட்டைவிரல் நகத்தளவு பெட்டி. உள்ளே ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் போகும் ஒரு தண்டு, தங்கம் பூசிய முனையுடன் இரண்டு மெல்லிய உலோக இலைகள். விசை மேலே இருக்கும்போது தண்டின் கால்கள் இலைகளைத் தொடவிடாமல் விலக்கிப் பிடித்திருக்கும். தண்டு இறங்க, காலின் சரிவு விலக, இலை வளைந்து வந்து தொடும். எழுத்து பதிவாகும் கணம் அதுதான். விசையின் முழு ஓட்டம் 4 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். மீதி 2 மில்லிமீட்டர் விரல் நிதானிப்பதற்கான இடம். பழகிய விரல் அடிவரை இடிக்காமல் பாதியிலேயே திரும்பிவிடும். நாள் முழுக்க அடிப்பவருக்கு இதனால் கிடைக்கும் நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

சுவிட்சின் வகையை நிறத்தால் சொல்வார்கள். சிவப்பு சுவிட்ச் வழுக்கிக்கொண்டு இறங்கும். எழுத்து விழும் இடத்தில் 45 கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் கேட்கும். பழுப்பில் நடுவழியில் ஒரு மெல்லிய தடங்கல், ‘எழுத்து விழுந்தது’ என்று விரலுக்குச் சொல்லும். நீலம் அதையே சத்தமாகச் சொல்லும். தட்டச்சு நிலையத்தில் பழகியவர்களுக்கு நீலம் பிடிக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அவர்களுடைய விரல் தாளம் கற்றது. ஆனால் ஒரே அறையில் குழந்தை தூங்கும் வீட்டுக்கு நீலத்தை வாங்காதீர்கள். கேம் ஆடுபவர்கள் பெரும்பாலும் சிவப்பை விரும்புகிறார்கள். எழுதவும் ஆடவும் ஒன்றே வேண்டுமென்றால் பழுப்பு நல்ல நடுவழி.

இலைகள் தொடும்போது ஒரு சிறு சிக்கல் எழும். உலோகம் உலோகத்தில் மோதியதும் சில மில்லி நொடிகள் துள்ளும். தொட்டு, விட்டு, தொட்டு, விட்டு. அப்படியே கணக்கில் எடுத்தால் ஒரு ல அடித்தால் இரண்டு விழும். தமிழ்99-இல் இரண்டு ல என்றால் நடுவே புள்ளியும் சேர்ந்துகொள்ளும். ‘வலை’ என்று அடித்தது ‘வல்லை’ என்று வந்து நிற்கும். ஆகவே கீபோர்டுக்குள் இருக்கும் சிறு கணினிச் சில்லு துள்ளல் அடங்கும்வரை சில மில்லி நொடி பொறுத்து, பிறகே எழுத்தை அனுப்புகிறது. மலிவான சில கீபோர்டுகளில் சுவிட்ச் தேய்ந்து துள்ளல் நீளும்போது இரட்டை எழுத்து விழத் தொடங்கும். ஆங்கிலத்தில் அடிப்பவரைவிடத் தமிழில் அடிப்பவருக்கு இந்தப் பழுது அதிகத் தொல்லை தரும். நல்ல சுவிட்சுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

ஒரு விசைக்கு ஒரு கம்பி வீதம் 61 விசைக்கு 61 கம்பி போடுவதில்லை. தியேட்டர் இருக்கையை வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் சொல்லிக் கண்டுபிடிப்பதுபோல, 5 கிடைக்கம்பியும் 14 நெடுக்கம்பியும் இருந்தால் 70 சந்திப்புகள் கிடைக்கும். 19 கம்பியில் வேலை முடியும். சில்லு ஒவ்வொரு வரிசையாக மின்சாரம் செலுத்தி, எந்த நெடுக்கம்பியில் வருகிறது என்று நொடிக்குப் பலநூறு முறை பார்க்கிறது. இதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒன்றாக அழுத்தினால், மின்சாரம் சுற்றுவழியில் ஓடி, அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகத் தெரியும். பேய் விசை என்று இதைச் சொல்கிறார்கள். மலிவான கீபோர்டு குழம்பக்கூடாது என்று மூன்றாவது விசையையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே சுடவேண்டிய விளையாட்டில் குதிப்பு வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு வைத்திருப்பார்கள். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் அந்தச் சிறு பொருள் சுற்றுவழியை அடைத்துவிடும். எத்தனை விசையை ஒன்றாக அழுத்தினாலும் அத்தனையும் பதிவாகும்.

கேமிங் விளம்பரங்களில் 1000 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கணினி 8 மில்லி நொடிக்கு ஒருமுறை கீபோர்டை விசாரிப்பதற்குப் பதில் 1 மில்லி நொடிக்கு ஒருமுறை விசாரிக்கும் என்பது அதன் பொருள். ஒரு காட்சியைப் பார்த்து விரலை அசைக்கவே மனிதருக்கு 200 மில்லி நொடி ஆகிறது. போட்டியில் ஆடுபவருக்கு 7 மில்லி நொடி முக்கியம்தான். கட்டுரை எழுதுபவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அளவுக்கு வருவோம். ஒரு எழுத்து விசையிலிருந்து அடுத்ததற்குத் தூரம் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். முழுக் கீபோர்டின் அகலம் இருபத்திரண்டரை விசை, ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். எண் பலகையையும் அம்புக்குறிகளையும் மேல் வரிசையையும் எடுத்துவிட்ட 61 விசைக் கீபோர்டு 15 விசை அகலம்தான், 29 சென்டிமீட்டருக்குள். 14 சென்டிமீட்டர் மிச்சம். மவுஸ் அந்த அளவுக்கு உள்ளே வரும். வலது தோள் வெளிப்பக்கம் விரிந்தபடியே நாளெல்லாம் நிற்க வேண்டியதில்லை. தோள்வலி என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எண் பலகை இல்லாத கீபோர்டில் சில நாள் வேலை செய்து பாருங்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. டேலி மென்பொருளில் கணக்கு எழுதுபவருக்கு எஃப்5-இல் பேமென்ட், எஃப்6-இல் ரசீது, எஃப்8-இல் விற்பனை. தொகையை அடிக்க எண் பலகை. அவருக்கு 61 விசை தண்டனை. மேல் வரிசையும் அம்புக்குறியும் உள்ள 84 விசைக் கீபோர்டும், தேவைப்படும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தனி எண் பலகையும் அவருக்குச் சரி. தமிழ் எழுதுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளாங்க் போன்ற 47 விசை கொண்ட மிகச்சிறிய கீபோர்டுகளில் பி-க்கு வலப்பக்கம் இருக்கும் இரண்டு அடைப்புக்குறி விசைகள் கிடையாது. ஆங்கிலத்துக்கு நட்டமில்லை. தமிழ்99-இல் அவை ச-வும் ஞ-வும். ச இல்லாமல் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். 61-க்குக் கீழே போக வேண்டாம்.

விசைமேல் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்க வேண்டுமே என்ற கவலை வேண்டாம். கீபோர்டு கணினிக்கு அனுப்புவது எந்த விசை என்ற குறியீட்டை மட்டும். அதைத் தமிழாக்குவது கணினியின் மென்பொருள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு முதல் இன்றுவரை தமிழுக்கு மென்பொருள் பஞ்சம் இல்லை. விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. 2015 அக்டோபரில் வலைப்பதிவர் திருவிழாவை நடத்திய புதுக்கோட்டைப் பக்கத்தில் இதைப் பழகியவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் விசைகளின் மேல் உள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடிகள் சீக்கிரம் மழுங்கி எண்ணெய்ப் பளபளப்பு ஏறும்; பிபிடி மூடிகளாகக் கேட்டு வாங்குங்கள். மூடிகளைக் கழற்றித் தூசியைத் துடைக்க முடிவது செம்மண் புழுதி உள்ள ஊர்களுக்குப் பெரிய வசதி.

தமிழ்99-இன் குறையையும் சொல்ல வேண்டும். மெய்கள் வலப்பக்கம் குவிந்ததால் வலக்கைக்கு வேலை அதிகம். வல்லத்திராக்கோட்டையில் 14-இல் 9 தட்டு வலக்கை. அதிலும் சுண்டுவிரலுக்கு ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்து. கையிலேயே பலங்குறைந்த விரலுக்கு இவ்வளவு சுமை. சாதாரணக் கீபோர்டில் இதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. சுவிட்சைச் சாலிடர் செய்யாமல் செருகிக் கழற்றும் ஹாட்-ஸ்வாப் கீபோர்டில் வழி உண்டு. மற்ற விசைகளில் 45 கிராம் சுவிட்சை வைத்துக்கொண்டு, இந்த ஆறு விசைக்கு மட்டும் 35 கிராம் சுவிட்சைத் தனியாக வாங்கிச் செருகலாம். கீபோர்டோடு வரும் சிறு கிடுக்கியால் பழையதை மேலே இழுத்து, புதியதன் இரண்டு கால்களும் வளையாமல் துளையில் நேராக இறங்குகிறதா என்று பார்த்து அழுத்தினால் போதும்.