அகத்தியர்கூட மலைப்பாதையும் வழிநடை ஒழுக்கமும்

திருவனந்தபுரம் நகரத்தின் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம் என்னும் சிகரம் எழுந்து நிற்கின்றது. தமிழர் பொதிகை என்று போற்றும் மலைத்தொகுதியின் உச்சி இதுவே. இம்மலையின் மேற்குச் சரிவில் விழும் மழை நெய்யாறாகவும் கரமனையாறாகவும் ஓடி அரபிக்கடலை அடைகின்றது. கிழக்குச் சரிவில் விழும் மழை தாமிரபரணியாகித் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயல்களை நனைத்து மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. கரமனையாற்றின் மீதுள்ள பேப்பாறை, அருவிக்கரை நீர்த்தேக்கங்களே திருவனந்தபுரம் நகரத்தின் குடிநீருக்கு முதன்மையான ஆதாரம். ஆகவே இம்மலையின் பாதையில் ஒருவர் செய்யும் நன்மையும் தீமையும் மலையோடு நின்றுவிடுவதில்லை. கீழேயுள்ள ஊர்களுக்கும் நீரோடு இறங்கி வருகின்றன.

வழக்கமாக ஜனவரியில் தொடங்கிச் சில வாரங்கள் இப்பாதை பொதுமக்களுக்குத் திறந்து விடப்படுகின்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஓடைகள் அடங்கியிருக்கும் காலம் அது. நாள்தோறும் செல்வோரின் தொகையைக் கேரள வனத்துறை வரையறுத்து, முன்பதிவு செய்தவர்களை மட்டும் வழிகாட்டிகளுடன் அனுப்புகின்றது. கேரள உயர்நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனாக, 2019 ஜனவரி முதல் பெண்களும் சிகரம் வரை செல்கின்றனர். இவ்வாறு செல்வோரிடையே வழிநடை ஒழுக்கம் பற்றிப் பேசும்போது, அதனை வெறும் மரியாதைப் பழக்கமாகவோ அதிகாரிகளின் கெடுபிடியாகவோ கருதுவோர் பலர். உண்மையில் அவ்விதி ஒவ்வொன்றுக்கும் அடியில் மண், நீர், நெருப்பு, உயிரினம் ஆகியவற்றின் இயல்பு பற்றிய ஓர் அறிவு உள்ளது. அவ்வறிவை விளக்கினால் விதி தானே மனத்தில் பதியும்.

பாதையின் அமைப்பு

நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போணக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டப் பகுதியில் நடை தொடங்குகின்றது. அங்கிருந்து காட்டினூடே சென்று, கரமனையாறு, அட்டையாறு முதலிய ஓடைகளைக் கடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்குவர். மறுநாள் காலையில் செங்குத்தான சரிவுகளையும், கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய வழுக்குப் பாறைகளையும் கடந்து உச்சியை அடைந்து, முகாமுக்குத் திரும்புவர். மூன்றாம் நாள் இறங்குவர். புல்வெளி, மழைக்காடு, மூங்கிற் புதர், காற்றினால் குறுகிய மரங்கள் நிறைந்த குளிர்ச்சோலை, வெறும் பாறை எனப் பல நிலக்காட்சிகளை இம்மூன்று நாட்களில் ஒருவர் காணலாம்.

இம்மலை அறிவியல் வரலாற்றிலும் இடம்பெற்றதாகும். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்துக்கு, ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1852இல் தலைவராக வந்தார். காந்த நடுக்கோட்டுக்கு அருகே அமைந்த இவ்வூரில் காந்த ஊசியின் அன்றாட அசைவை அளந்த அவர், உயரம் மாறினால் அவ்வசைவும் மாறுமா என்பதை அறிய விரும்பி, 1855இல் அகத்தியர்மலையின் மீதே ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். யானைகள் உலவும் காட்டில் வழி வெட்டி, நுண்கருவிகளை மேலே கொண்டு சென்று செய்த அளவீடுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. இன்று நடைப்பயணிகள் மூச்சு வாங்க ஏறும் இம்மலை, ஒரு காலத்தில் ஆய்வுக்கூடமாகவே விளங்கியது என்பது ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக் கூறத்தக்க செய்தி.

பாதையை விட்டு விலகாமை

மலைப்பாதை ஓரிடத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது, வளைவுகளுக்கு இடையே குறுக்காக இறங்கிவிடலாம் என்ற எண்ணம் இளைஞருக்கு எழுவது இயல்பு. முதலில் ஒருவர் இறங்குவார். அவரது அடிச்சுவட்டில் பத்துப் பேர் இறங்குவர். காட்டு மண்ணின் மேற்பரப்பு இலைச்சருகும் வேரும் நுண்துளைகளும் நிறைந்து கடற்பஞ்சுபோல் நீரை உறிஞ்ச வல்லது. மிதிபட்டால் அத்துளைகள் மூடிக்கொள்கின்றன. உறிஞ்சப்படாத மழைநீர் சரிவின் வழியே நேராக ஓடி, மண்ணை அரித்துச் சிறு வாய்க்காலை உண்டாக்குகின்றது. இரண்டொரு பருவமழைக்குள் அது ஆழ்ந்த ஓடையாகிவிடும். வளைந்து செல்லும் பாதை நீரின் வேகத்தைத் தணிப்பதற்கென்றே அமைந்தது. குறுக்குவழியோ நீருக்கு வெட்டிக் கொடுத்த கால்வாய். பாதையில் சேறு இருந்தாலும் அதன் நடுவே நடப்பதே முறை. சேற்றைத் தவிர்க்க ஓரத்தில் நடந்தால் பாதை ஆண்டுதோறும் அகன்று, செடிகள் அழியும்.

எதிர்ப்படுவோரும் கயிற்றுப் பாறையும்

குறுகிய பாதையில் ஏறுவோரும் இறங்குவோரும் சந்திக்கும்போது, ஏறுவோருக்கு இறங்குவோர் வழிவிடுதல் உலகெங்கும் உள்ள வழக்கம். ஏறுபவரின் பார்வை காலடியில் இருக்கும். அவர் மூச்சின் ஒழுங்கும் ஒருமுறை தடைப்பட்டால் எளிதில் மீளாது. இறங்குபவருக்கோ தொலைவு நன்கு தெரியும், நிற்பதும் எளிது. ஒதுங்கி நிற்பவர் பள்ளத்தின் பக்கம் நில்லாமல், மலைச்சரிவின் பக்கமாக உறுதியான தரையில் நிற்கவேண்டும். கயிற்றுப் பாறையில் ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவரே ஏறுதல் வேண்டும். ஒருவர் இழுக்கும்போது கயிறு அசைந்து மற்றவரை நிலைகுலையச் செய்யும். மேலே செல்பவரின் கால்பட்டுக் கல் உருண்டால், உடனே "கல்!" என்று உரக்கக் கூவுதல் அவரது கடமை. வழியில் பிறர் அமைதியாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளும் விதிக்கு இது ஒன்றே விலக்கு.

ஓடையின் குறிப்புகள்

அட்டையாறு போன்ற ஓடைகளைக் கோடையில் முழங்கால் நனையக் கடந்துவிடலாம். ஆனால் மலைமேல் எங்கோ மழை பெய்தால், நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே நீர் பெருகிவரக்கூடும். இதற்கு மிகக் கொடிய சான்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்தில் உள்ளது. அங்கே ஆண்டிலோப் என்னும் பள்ளத்தாக்கு, மணற்பாறையை நீர் அறுத்து உண்டாக்கிய, கை விரித்தால் இருபுறமும் தொடக்கூடிய இடுக்கு வழியாகும். 1997 ஆகஸ்ட் 12ஆம் நாள், பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த இடிமழையின் வெள்ளம் அவ்விடுக்கினுள் புகுந்து, பார்வையிடச் சென்ற 11 பேரைக் கொன்றது. அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாகப் பெய்திருக்கவில்லை. பொதிகையின் ஓடைகள் அத்தகைய இடுக்குகள் அல்ல. ஆயினும் செங்குத்தான சரிவில் விரைந்து வடியும் நீரின் இயல்பு இரண்டிடத்தும் ஒன்றே.

தெளிந்த நீர் கலங்குதல், சருகும் குச்சியும் மிதந்துவருதல், ஓடையின் ஒலி கனத்துக் கேட்டல் ஆகிய மூன்றும் வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். இவற்றுள் ஒன்று தென்படினும் கரையேறிக் காத்திருத்தல் வேண்டும். முன்னே சென்றவர் மறுகரையில் நின்று அழைத்தாலும் இறங்கலாகாது. கூட்டம் பிரியாமல் நடக்கவேண்டும் என்ற விதியின் பயன் இத்தகைய வேளையில்தான் விளங்கும்.

நெருப்பு

பாதை திறந்திருக்கும் மாதங்களில் வெள்ளம் அரிது. ஆனால் புல் காய்ந்து கிடக்கும். தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் நாள் மூண்ட காட்டுத்தீயில் நடைப்பயணிகள் 20 பேருக்கு மேல் மாண்டதைத் தமிழ்நாடு எளிதில் மறவாது. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் தன்மையுடையது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. சூடான காற்று மேலெழுந்து, மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதே காரணம். ஆகவே தீயைக் கண்டு உச்சியை நோக்கி ஓடுதல் பெருந்தவறு. புல்லற்ற பாறை, ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து தணிந்த நிலம் ஆகியவையே புகலிடம். அதனினும் மேலானது, பீடியும் அடுப்பும் தீப்பெட்டியும் காட்டினுள் நுழையாமல் காத்தல்.

விலங்கும் தேனீயும்

யானையின் புதிய இலத்தியோ, முறிந்த மூங்கிலோ கண்ணிற்பட்டால் வழிகாட்டியின் சைகைக்குக் காத்து நிற்றல் வேண்டும். ஒளிப்படம் எடுக்க முன்னேறுவோர் தமக்கு மட்டுமன்றிப் பின்னால் வரும் அனைவருக்கும் இடர் விளைவிக்கின்றனர். பாறை முகடுகளில் கூடு கட்டும் மலைத்தேனீ புகையாலும் கடுமணத்தாலும் சீற்றங்கொள்ளும். ஒரு தேனீ கொட்டும்போது வெளியாகும் எச்சரிக்கை மணம் மற்றத் தேனீக்களையும் அவ்விடத்துக்கு அழைக்கின்றது. எனவே வாசனைத் தைலம் பூசி மலையேறுதல் தகாது.

செடியும் அதனை அறிந்த மக்களும்

அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அமைக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாக 3,500 சதுரக் கிலோமீட்டர் பரந்த இதில் 2,254 வகை உயர்தாவரங்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 400 இப்பகுதிக்கே உரியவை. பூவைப் பறிக்கலாகாது என்னும் விதிக்கு இங்கே ஒரு சான்று போதும். மஞ்சள் இதழில் கருங்கோடு ஓடும் ஒரு தரை ஆர்க்கிட் இம்மலைகளில் 1865இல் கண்டறியப்பட்டு, கர்னல் ட்ரூரியின் பெயரைப் பெற்றது. அழகே அதற்குப் பகையாயிற்று. சேகரிப்போர் வேரோடு பறித்தமையாலும் காட்டுத்தீயாலும் அது அருகி, அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டது. 1970களில்தான் மீண்டும் காணப்பட்டது. ஒருவர் ஒரு செடியைப் பறித்தால் என்ன குறையும் என்று கேட்போருக்கு இதுவே விடை.

இக்காட்டை நன்கறிந்தவர் காணிப் பழங்குடியினர். 1987இல் இம்மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர், களைப்பின்றி நடந்த காணி வழிகாட்டிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுவந்ததைக் கவனித்தனர். ஆரோக்கியப்பச்சை எனப் பெயர்பெற்ற அச்செடியைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத்தோட்ட ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து, ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. அதன் உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கென 1997இல் அமைந்த அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கை அளித்த முன்னோடி ஏற்பாடு இது. ஆகவே வழிகாட்டியாக வரும் காணி முதியவரைச் சுமைகூலியாகக் கருதாமல், அக்காட்டின் ஆசானாக மதித்தல் முறை. அவருக்கு முன்னால் நடவாமை, அவரையோ அவரது குடியிருப்பையோ கேளாமல் படம் எடுக்காமை, அவர்கள் வணங்கும் இடங்களில் அடக்கமாக நிற்றல் ஆகியன இம்மதிப்பின் அடையாளங்கள்.

கழிவு

பாதையிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து பேப்பாறை நீர்த்தேக்கத்துக்கும் நீர் செல்லும் தொலைவு அதிகமன்று. ஓடையில் சோப்பிட்டுக் குளித்தால், நுரை மறைந்த பின்னும் அதன் வேதிப்பொருள் மீனின் செவுளையும் தவளைக் குஞ்சின் மென்தோலையும் தாக்கும். குளிப்பதாயின் நீரை மொண்டு, ஓடையை விட்டு விலகி, சோப்பின்றிக் குளித்தல் நன்று. கழிப்பறை இல்லாத இடத்தில் மலங்கழிக்க நேர்ந்தால், ஓடைக்கு 60 மீட்டர் அப்பால், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடவேண்டும். நுண்ணுயிர்கள் மிகுந்த மேல்மண்ணிலேயே அது விரைவில் மக்கும். பிளாஸ்டிக் உறையும் புட்டியும் மக்குவதில்லை. உள்ளே கொண்டு சென்றது அனைத்தும் வெளியே திரும்பவேண்டும். ஆரஞ்சுத் தோலும் இதற்கு விலக்கன்று, அதன் மணம் விலங்குகளைப் பாதைக்கு ஈர்க்கும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கவை

மாணவரை அழைத்துச் செல்லுமுன் விதிகளை மனப்பாடம் செய்விப்பதைவிட, ஒவ்வொரு விதிக்கும் காரணம் கேட்டு எழுதச் செய்வது பயன் தரும். பள்ளி முற்றத்திலேயே இதனைத் தொடங்கலாம். மிதிபட்ட தரையிலும் புல்தரையிலும் ஒரு குவளை நீரை ஊற்றி, உறிஞ்சும் நேரத்தைக் கணக்கிட்டால், குறுக்குவழியின் தீங்கு தானே விளங்கும். மலையில் வெப்பமானி ஒன்றைக் கொண்டு சென்றால், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறைவதைப் பதிவு செய்யலாம். கடற்கரைக்கும் சிகரத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 டிகிரி வேறுபாடு இருத்தல் வேண்டும். பிரவுன் தொடங்கிய பணியின் ஒரு சிறு பகுதியை மாணவர் தாமே செய்து பார்த்ததாகும்.

களப்பணியாளர் பாதையில் அரிப்பைக் கண்டால், அவ்விடத்தையும் அளவையும் நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தை அளந்து ஒப்பிட்டால், எத்தனை பேரை அம்மலை தாங்கும் என்பதற்குச் சான்று கிடைக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்னும் வரையறை, அத்தகைய அளவீடுகளின் மீது நிற்கும்போதுதான் மக்களின் நம்பிக்கையைப் பெறும்.

நடைப்பயணி மூன்றாம் நாள் போணக்காட்டுக்கு இறங்கி, வீடு திரும்பிக் குழாயைத் திறக்கும்போது வருவது பெரும்பாலும் தாம் கடந்துவந்த கரமனையாற்று நீரே. மலைமேல் அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பது அந்நீரில் ஓரளவு எழுதப்பட்டிருக்கும்.