சிற்பியின் காதை யார் பார்ப்பது?

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது மாமல்லபுரத்துச் சிற்பி கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்புகிறார். சுத்தியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கிற கல் சிலைக்கு ஆகும். மந்தமாக ஒலித்தால் உள்ளே எங்கோ கீறல் இருக்கிறது. ஆண் கல், பெண் கல் என்று ஒலியை வைத்தே பிரிக்கும் மரபும் உண்டு. 2017இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலையின் பட்டறைகளில் இன்று உளியை மீறிக் கேட்பது கிரைண்டர். கல்லை அறுக்கையில் அதன் சத்தம் 100 டெசிபலை எட்டும். கல் தூசியால் வரும் நுரையீரல் நோயைப் பற்றியாவது அவ்வப்போது பேசுகிறோம்; காதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இரைச்சலுக்கு நடுவே ஓர் ஒலியைப் பிரித்தெடுக்க இரண்டு காதும் வேண்டும். இடப்பக்கத்து ஒலி வலக்காதை எட்டக் கூடுதலாகும் நேரம் அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி அளவுதான். அந்தத் துளி நேரத்தை வைத்தே மூளை திசையைக் கணக்கிடுகிறது. சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளுக்குத் தலையே தடுப்பாகி, மறுபக்கக் காதில் சத்தம் குறைகிறது. இவ்விரண்டையும் இயற்பியலாளர் ராலே பிரபு 1907இலேயே விளக்கிவிட்டார். திசை அறிவதோடு இது நிற்பதில்லை. தேடும் ஒலி இரு காதுகளிலும் விழும் விதம் இரைச்சல் விழும் விதத்திலிருந்து வேறுபட்டால், அது 15 டெசிபல் வரை தாழ்ந்திருந்தாலும் பிடிபடும் என்று 1948 முதல் நடந்த ஆய்வுகள் காட்டின. ஒரு காது மங்கினாலே இந்த ஆதாயம் கரையும். அப்படிக் காது மங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடப்பவருக்குப் பேருந்தின் ஹாரன் கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து என்பது பிடிபடாது.

"எங்களுக்குச் சத்தம் பழகிவிட்டது" என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பதில். பழகுவது மனசு, செவியின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பகுதி என்பதால் அமைதியான வீட்டில் குறை தெரியாது, கல்யாண மண்டபத்தில்தான் பேச்சு குழம்பும். 2009இல் எலிகளிடம் நடந்த ஆய்வு இன்னும் கலக்கம் தருகிறது: கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பிறகும் செவி நரம்பின் இணைப்புகள் அழிந்தே கிடந்தன. இதைத் தடுக்க அடைப்பானால் காதை அடைத்துக்கொண்டால் கல்லின் ஒலி எப்படித் தெரியும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் கிரைண்டர் ஓடும்போது எந்தச் சிற்பியும் கல்லைக் கேட்பதில்லை. தட்டிப் பார்க்கும் நேரத்தில் அடைப்பானைக் கழற்றினால் போதும். மெஷின் இல்லாமல் ஆர்டரை முடிக்க முடியாது என்பதும் சரியே, அதை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை.

சட்டத்தின் அளவுகோல் வேறு மாதிரி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 டெசிபல் இழந்தால்தான் ஒருவர் செவித்திறன் குறைபாடு உள்ளவர். ஒற்றைக் காது முழுதாகப் போனவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். வழக்கமான பரிசோதனையும் அமைதியான அறையில், ஒவ்வொரு காதாகத்தான் நடக்கிறது. சிற்பிகளுக்கு மருத்துவ முகாம் நடத்துகிறவர்கள், இரைச்சலுக்கிடையே தமிழ்ச் சொற்களை ஒலிக்கவிட்டு இரு காதுகளையும் சேர்த்துச் சோதிக்கட்டும். பட்டறைக்கு வந்த முதல் வாரத்திலேயே இளைஞர்களுக்கு அதைச் செய்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.