குறைமாதப் பிள்ளைக்கு ஒட்சிசன்: கண்ணையும் காட்டுங்கள்

குறைமாதப் பிள்ளைகளின் விடுதியில் பல வருடம் தாதியாக வேலை செய்தேன். "மிஸி, ஒட்சிசனைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்" என்று கேட்காத தாய் குறைவு. உயிர் காக்கும் மருந்து அளவு மீறினால் கெடுதல் செய்யும் என்பதை அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

நாம் சுவாசிக்கும் வளியில் ஒட்சிசன் 21 வீதம்தான். கருப்பையில் சிசுவுக்குக் கிடைப்பது இதிலும் குறைவு. அந்தக் குறைவுதான் விழித்திரையின் இரத்தக் குழாய்களை வளரத் தூண்டுகிறது. முந்திப் பிறந்த பிள்ளைக்கு ஒட்சிசன் மிஞ்சினால் அந்தத் தூண்டுதல் அடங்கி, குழாய்கள் வளராமல் நின்றுவிடும். வளர்ச்சிக்கு உதவும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஓமோனும் இப்பிள்ளைகளுக்குக் குறைவு. சில வாரங்களின் பின் குழாய்கள் தாறுமாறாகப் பெருகி விழித்திரையை இழுக்கும். விழித்திரை கழன்றால் பார்வை போய்விடும்.

1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் வசதி படைத்த நாடுகளிலேயே சுமார் 10,000 பிள்ளைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். 1950இல் குறைமாதத்தில் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். ஒட்சிசன்தான் காரணமோ என்ற சந்தேகத்தை 1951இல் எழுப்பியவர் அவுஸ்திரேலியப் பெண் மருத்துவர் கேட் காம்பெல். பின்பு ஒட்சிசனை மிகவும் குறைத்தபோது, மூச்சுக்குப் போதாமல் பல பிள்ளைகள் இறந்தார்கள். ஆகவே ஒட்சிசனுக்குப் பயப்பட வேண்டாம். அளவுதான் முக்கியம். இன்று பிள்ளையின் பாதத்தில் கட்டும் சிறு கருவி இரத்தத்திலுள்ள ஒட்சிசன் அளவைக் காட்டும். மிகவும் முந்திப் பிறந்த பிள்ளைக்கு 90 முதல் 95 வீதம் வரை வைத்திருக்கவே பார்ப்பார்கள். அதை 100 ஆக்கும்படி கேட்காதீர்கள்.

அளவாகக் கொடுத்தாலும் இந்நோய் சிலருக்கு வரும். வெளியே பார்த்தால் கண் நன்றாகவே தெரியும். அதனால் 32 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பிறந்து நான்கு வாரமளவில் கண் வைத்தியர் விழித்திரையைப் பார்க்க வேண்டும். நேரத்தோடு கண்டால் லேசர் சிகிச்சையாலோ ஊசி மருந்தாலோ பார்வையைக் காப்பாற்றலாம்.

தனியே குடும்பம் நடத்தும் தாய்க்கு ஒருநாள் கூலியை விட்டு, பஸ் காசு தேடி, மற்றப் பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டுவிட்டு கிளினிக் வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கிளினிக்கை மட்டும் தவறவிடாதீர்கள். வீட்டுக்குப் போக முன், "கண் பார்க்க எப்போது வர வேண்டும்?" என்று கேட்டுத் திகதியை எழுதுவித்து வாங்குங்கள். இடம் மாறினால் அந்தத் துண்டைப் புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். சில வாரம் பிந்தினாலும் பார்வை போய்விடலாம்.